பாதிக் கோலமும் சின்னக் கோலமும்

"எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்களேன்" என்று எதிலும் கச்சிதம் பார்க்கிற ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். தலையாட்டுவார். பிறகு, நேற்றே அனுப்பியிருக்க வேண்டிய அறிக்கையை மறுபடி திறந்து முதல் வரியிலிருந்து திருத்தத் தொடங்குவார். அவர் கணக்கில் இருப்பது இரண்டே நிலைகள்தான். ஒன்று குறையே இல்லாதது, மற்றது குப்பை. குறைத்துக்கொள் என்றால், குப்பையோடு சமாதானமாகப் போ என்றுதான் அவர் காதில் விழுகிறது. அதற்கு எவர் சம்மதிப்பார்?

வாசல் கோலத்தை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு நடைபாதையில் 15 புள்ளி வைத்துத் தொடங்கி, எம்ஆர்டி ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் விட்டுப் போனால், பார்ப்பவர் கண்ணுக்கு அது அலங்கோலம். அதே இடத்தில் 5 புள்ளிக் கோலத்தைச் சுழித்து முடித்திருந்தால் அது கோலம். பண்டிகை நாளாக இல்லாவிட்டால் யாரும் புள்ளியை எண்ணப் போவதும் இல்லை. குறையே கூடாது என்ற பிடிவாதத்துக்கு மாற்றாக நான் சொல்வது இந்த 5 புள்ளியைத்தான். சிறியது, ஆனால் முடிந்தது. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. மாவைக் கையில் எடுக்கும் முன்பே எத்தனை புள்ளி என்று முடிவு செய்துவிட வேண்டும்.

ஏன் முன்பே? 2002இல் ரோஸ் ஷஃப்ரான், ஸாஃப்ரா கூப்பர், கிறிஸ்டஃபர் ஃபேர்பர்ன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இந்தப் பிடிவாதம் எப்படித் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறது என்று விளக்கினார்கள். தன் மதிப்பு முழுவதையும் ஒருவர் ஓர் இலக்கின்மேல் தொங்கவிட்டிருக்கிறார். இலக்கைத் தவறவிட்டால், 'நான் லாயக்கில்லை' என்று தன்னையே திட்டிக்கொள்கிறார். எட்டிவிட்டால், 'இது ரொம்பச் சுலபமாக வைத்துவிட்ட இலக்கு' என்று அடுத்தமுறை ஏற்றிவிடுகிறார். இரண்டு பக்கமும் தோல்விதான். வேலையின் நடுவில் உட்கார்ந்துகொண்டு "இது போதுமா?" என்று கேட்டால் பதில் எப்போதும் "போதாது" என்றே வரும். கேள்வியைக் கேட்கிற ஆளே அந்த நேரத்தில் நடுநிலையாக இல்லை.

பொருளியலில் இதே சங்கதியை ஹெர்பர்ட் சைமன் 1956இல் வேறு வழியாகச் சொன்னார் (1978இல் நோபெல் பரிசு பெற்றவர்). இருப்பவற்றிலேயே மிகச் சிறந்ததைத் தேடி முடிக்க மனிதர்களுக்கு நேரமும் கிடையாது, அவ்வளவு கணக்குப் போடும் திறனும் கிடையாது. ஆகவே ஒரு தரத்தை முதலில் வைத்துக்கொள்கிறோம், அதைத் தாண்டுகிற முதல் பொருளை எடுத்துக்கொள்கிறோம். லிட்டில் இந்தியாவில் கிரைண்டர் வாங்கப் போகிறவருக்கு இது நேரடியாக உதவும். 2 லிட்டர் கொள்ளளவு, சமையலறை மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவே அடங்கும் உயரம், நம் ஊர் மூன்று முள் ப்ளக், விலைக்கு ஓர் உச்சவரம்பு. இந்த நான்கையும் தாண்டும் முதல் கிரைண்டரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். ஐந்தாவது கடையில் பத்து வெள்ளி குறைவாக இருந்திருக்கலாம்தான். அந்தப் பத்து வெள்ளிக்காக ஒரு சனிக்கிழமை மாலையைக் கொடுப்பது நல்ல வியாபாரமா என்பதே கேள்வி.

இனி, 'இதுவரை போதும்' என்ற கோடு ஒன்றை எப்படிப் போடுவது என்று பார்ப்போம். துண்டுத்தாள் ஒன்று போதும். அதில் நான்கு வரி. யாருக்கு, எதற்கு என்பது முதல் வரி. இருந்தே ஆக வேண்டியவை இரண்டாவது. அவை மூன்று, மிஞ்சினால் நான்கு. இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை என்பவை மூன்றாவது. எத்தனை சுற்றுத் திருத்தம், எப்போது கையைவிட்டுப் போகும் என்பது நான்காவது.

சமூக மன்றத்தின் இந்திய நற்பணிச் செயற்குழுவுக்காகப் பொங்கல் நிகழ்ச்சி அறிவிப்பு ஒன்றைத் தயாரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு? மின்தூக்கிக்குக் காத்து நிற்கும் அக்கம்பக்கத்தாருக்கு. எதற்கு? எப்போது, எங்கே, எவ்வளவு கட்டணம், எப்படிப் பதிவது என்று தெரிந்துகொள்ள. இருந்தே ஆக வேண்டியவை: இந்த நான்கு தகவலும் பிழையில்லாமல் இருப்பது, தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பது, ஒரு மீட்டர் தள்ளி நின்று கண்ணாடி போட்ட தாத்தா படிக்கிற எழுத்தளவு. இருந்தால் நல்லது: கரும்புப் படம், கோல ஓரம், புது எழுத்துரு. திருத்தம்: நீங்கள் ஒருமுறை, வேறொருவர் ஒருமுறை. அதன்பின் அச்சுக்கு. கூட்டத்தில் ஒருவர் பானையின் நிறத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். அது மூன்றாவது வரியில் இருக்கிறது என்று தாளைக் காட்டுங்கள். (பேசுகிறவர் தலைவராக இருந்தால் நிறத்தை மாற்றிவிடுங்கள். எல்லாப் போரும் நம்முடையதல்ல.)

இந்தத் தாள் எங்கே சொதப்புகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, 'நன்றாக', 'தரமாக', 'நேர்த்தியாக' போன்ற சொற்கள் இரண்டாவது வரிக்குள் நுழைந்துவிடும். எண்ணவோ, ஆம் இல்லை என்று சொல்லவோ முடியாத எதுவும் அந்த வரியில் இருக்கக் கூடாது. 'நன்றாக' என்பதற்கு முடிவே கிடையாது. இரண்டாவது, ஒன்பது பத்து 'கட்டாயங்கள்' எழுதுவது. அது பழைய 15 புள்ளியேதான், தாளில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். மூன்றாவது, 'இப்போதைக்கு' என்று மனத்துக்குள் சேர்த்துக்கொள்வது. இப்போதைக்கு இது, பிறகு சரியாகச் செய்கிறேன் என்றால் வேலை முடியவே இல்லை. கடனாக மனத்தில் நிற்கும். நான்காவது பலர் கண்ணில் படாதது. வேலையை முடித்து அனுப்பிவிட்டு, "ஓகேவா இருக்கா? நிஜமா?" என்று மூன்று பேருக்கு வாட்ஸ்அப் அனுப்புவது. அது திருத்தச் சுற்றுதான், வேடம் மட்டும் வேறு. நான்காவது வரியில் அதையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

நேரக்கெடு மட்டும் வைத்தால் போதும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மணி அடித்ததும் நிறுத்தினால் கையில் இருப்பது பாதிக் கோலமாகவும் இருக்கலாம். நேரமும் வேண்டும், எதை முடிக்க வேண்டும் என்ற கோடும் வேண்டும். ஆனால் நேரம் இல்லாமல் கோடு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலிருந்தே சாட்சி உண்டு. கிடைத்த நேரம் முழுவதையும் வேலை நிரப்பிக்கொள்ளும் என்ற பார்க்கின்சன் விதியை எழுதிய சி. நார்த்கோட் பார்க்கின்சன் அப்போது சிங்கப்பூரில்தான் இருந்தார். இங்கிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். 1955 நவம்பரில் 'எக்கனாமிஸ்ட்' இதழில் அந்தக் கட்டுரை வந்தது. வேலைவெட்டி இல்லாத மூதாட்டி ஒருவர் ஓர் அஞ்சலட்டை எழுதி அனுப்ப ஒரு நாள் முழுவதையும் செலவழிக்கலாம் என்பது அதில் வரும் உதாரணம். அஞ்சலட்டைக்குப் பதில் மின்னஞ்சல் என்று போட்டுக்கொண்டால் இன்றைக்கும் பொருந்தும்.

அலுவலக எழுத்துக்கு ஒரு கணக்கு. ஒரு பக்கக் குறிப்புக்கு 45 நிமிடம். முதல் 10இல் இதைப் படிப்பவர் எடுக்கப்போகும் முடிவு என்ன என்பதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். தெரியாவிட்டால் மேலாளரிடம் கேளுங்கள். அடுத்த 25 நிமிடம் எழுதுவதற்கு மட்டும். நடுவில் ஓர் எண் தெரியவில்லையா, அங்கே நட்சத்திரக் குறி போட்டுவிட்டு நகருங்கள். எண்ணைத் தேடப் போகிறவர் எண்ணோடு திரும்புவதில்லை, நாலு புதிய சந்தேகங்களோடு திரும்புகிறார். கடைசி 10இல் நட்சத்திரங்களை நிரப்பி, பெயர், தேதி, எண் மூன்றையும் சரிபார்த்து அனுப்பிவிடுங்கள். இருபது பக்க அறிக்கை என்றால் தலைப்புகளும் முதல் பத்தியும் தயாரானதுமே காட்டிவிடுவது நல்லது. கச்சிதம் பார்ப்பவருக்கு இதுதான் கடினம், அரைகுறையைக் காட்டுவதாகத் தோன்றும். முழுசாக முடித்தபின் "நான் கேட்டது இதில்லையே" என்று மேலாளர் சொல்லக் கேட்பது அதைவிடக் கடினம்.

இவை எல்லாவற்றையும்விட, நம்மிடையே இந்தப் பிடிவாதம் அதிகச் சேதம் செய்யும் இடம் வீட்டுத் தமிழ் என்று நினைக்கிறேன். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 3.3 விழுக்காடு. 2020இல் அது 2.5. அதே காலத்தில் ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3க்கு ஏறியது. காரணங்கள் பல. அவற்றில் நம் கையில் இருப்பது ஒன்று: பிள்ளை வாயைத் திறந்ததும் திருத்துவது.

பிள்ளை "அம்மா, எனக்கு வாட்டர் வேணும்" என்கிறது. "வாட்டர் இல்ல, தண்ணீர். தண்ணீர் வேண்டும்னு சொல்லு" என்கிறோம். சொல்கிறது. அடுத்து "நான் நேத்து போறேன் லைப்ரரிக்கு" என்கிறது. "போறேன் இல்ல, போனேன்." பிள்ளையின் பக்கமிருந்து பாருங்கள். தமிழில் பேசினால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தண்டம். ஆங்கிலத்தில் பேசினால் இலவசம், தண்ணீரும் உடனே வரும். எட்டு வயதில் இந்தக் கணக்கு நன்றாகவே புரியும். நாம் கேட்டது சுத்தத் தமிழ், கிடைத்தது சுத்த ஆங்கிலம்.

மாற்று என்ன? ஒரு நாளில் ஒரே ஒரு நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டு நேரம் 20 நிமிடம், அல்லது வீட்டிலிருந்து பள்ளிக்கு நடக்கும் நேரம். அந்த நேரத்தில் பெரியவர்கள் தமிழில்தான் பேசுவார்கள். பிள்ளை எதில் பதில் சொன்னாலும் சரி. இந்த இரண்டாவது பகுதியைக் கேட்டதும் பலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளைக்குத் தமிழ் புரிகிறது. அந்தக் கேள்விஞானம் இருக்கும்வரை பேச்சு பின்னால் வரலாம். வற்புறுத்தினால் கேட்பதையும் நிறுத்திவிடும்.

பிழையைத் திருத்தவே கூடாதா? திருத்தலாம், பதிலுக்குள் வைத்து. "நான் நேத்து போறேன் லைப்ரரிக்கு" என்றால், "ஓ, நேத்து லைப்ரரிக்குப் போனியா? யாரோட போன?" சரியான வடிவம் இரண்டு முறை காதில் விழுந்துவிட்டது, பேச்சும் நிற்கவில்லை. திருப்பிச் சொல்லச் சொல்லக் கூடாது. தெரியாத சொல் வந்தால் ஆங்கிலச் சொல்லோடு தமிழ் வாலை ஒட்டிக்கொள்ளட்டும். "பஸ் மிஸ் ஆயிடுச்சு" தமிழ் வாக்கியம்தான், அதன் எலும்பு தமிழ். "வந்துகொண்டிருக்கிறேன்" என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. "வந்துக்கிட்டு இருக்கேன்" போதும். 2005இல் வெளிவந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வே வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுக்கச் சொன்னது. பள்ளி இறங்கி வந்த இடத்துக்கு வீடு இன்னும் இறங்கவில்லை என்றால் வேடிக்கைதான்.

இந்த 20 நிமிடம் எங்கே கெடுகிறது? பெரும்பாலும் விசாரணையாக மாறும்போது. "ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" "ஒண்ணுமில்ல." முடிந்தது கதை. எதிரே உட்கார்ந்து கேட்பதைவிடக் கையில் ஒரு வேலையோடு பக்கத்தில் இருப்பது நல்லது. பயத்தங்காய் நறுக்கலாம், காய்ந்த துணியை மடிக்கலாம், சந்தைப் பையைப் பிரிக்கலாம். "இது யார் சட்டை? உள்ள வை, மேல வை, அந்தச் சின்னதை எடு" என்று வேலையே வினைச்சொற்களைக் கொண்டுவரும். கேள்வி கேட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி கேளுங்கள்: "இன்னைக்கு கேன்டீன்ல நூடுல்ஸா, சோறா?" இன்னொரு ஆபத்து, ஊரிலிருந்து காணொளி அழைப்பில் வரும் தாத்தா பாட்டி. பேரப்பிள்ளையின் உச்சரிப்பைக் கேட்டு ஆசையாகத்தான் சிரிப்பார்கள். பிள்ளைக்கு அது கேலி. "அவன் பேசும்போது சிரிக்காதீங்கம்மா, என்ன சொன்னான்னு மட்டும் கேளுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

எழுத்து வேறு விஷயம். ல, ள, ழ. ந, ன, ண. ஒற்று மிகும் இடம். இவற்றில் பிழைக்கு மதிப்பெண் போகும், பொருளும் மாறும், ஆகவே இங்கே கறாராக இருக்கலாம். ஆனால் தனி நேரத்தில். ஒரு நாளைக்கு 10 நிமிடம், 5 சொற்கள், அதற்குமேல் வேண்டாம். பேச்சு நேரத்துக்குள் இது நுழைந்தால் இரண்டும் கெடும்.

தன் தமிழே சரியில்லை என்று ஒதுங்கும் பெற்றோரும் உண்டு. மூன்றாம் தலைமுறைச் சிங்கப்பூரர்கள், படிக்கத் தடுமாறுபவர்கள், "நான் பேசி அவன் தப்பாக் கத்துக்கிட்டா?" என்று பயந்து எல்லாவற்றையும் துணைப்பாட ஆசிரியரிடம் விட்டுவிடுகிறவர்கள். இதுவும் அதே பிடிவாதம்தான், அடக்கத்தின் உடையில் வருகிறது. வாரத்தில் ஒன்றரை மணி நேரம் வரும் ஆசிரியர், தினமும் செருப்பு கழற்றும் இடத்தில் நிற்கப் போவதில்லை. அவர்களுக்கு 5 புள்ளிக் கோலம் என்பது பத்து வீட்டு வாக்கியங்கள். செருப்பக் கழட்டி வை. கை கழுவினியா? பசிக்குதா? இன்னும் கொஞ்சம் போடட்டா? லைட்ட அணை. கதவச் சாத்து. மழை வருது, துணிய எடு. யாரு வந்திருக்கா? தூக்கம் வருதா? காலையில பார்த்துக்கலாம். இந்தப் பத்தும் இனி இந்த வீட்டில் ஆங்கிலத்தில் வராது என்று முடிவு செய்துவிட்டால் போதும். பழகியபின் பதினோராவது தானாக வரும்.

தேர்வு என்று வந்தால்கூடக் கணக்கு இப்போது நம் பக்கம்தான். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில், தமிழில் வாய்மொழிக்கு 25 விழுக்காடு, கேட்டலுக்கு 10. அந்த 35க்கு வீட்டுச் சமையலறைதான் பயிற்சிக்கூடம். 2021 முதல் மொத்த மதிப்பீட்டு முறையே மாறிவிட்டது. முன்பு டி-ஸ்கோர், மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் கடைசிப் புள்ளிவரை பிரித்த முறை. இப்போது எட்டு அடைவு நிலைகள். 90 அல்லது அதற்கு மேல் எடுத்தால் முதல் நிலை, 85 முதல் 89 வரை இரண்டு, 80 முதல் 84 மூன்று, 75 முதல் 79 நான்கு, 65 முதல் 74 ஐந்து. நான்கு பாட நிலைகளையும் கூட்டினால் வருவதே மொத்தம். மிகச் சிறந்தது 4, கடைசி 32.

இதன் பொருளை வீடுகள் இன்னும் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. தமிழில் 92, கணிதத்தில் 74 எடுக்கும் பிள்ளையைத் தமிழில் 97க்குத் தள்ளினால் மொத்தத்தில் எதுவும் மாறாது. கணிதத்தில் 75 வந்தால் ஒரு நிலை ஏறும். 92இல் நிற்பவருக்கு இன்னொரு தமிழ்ப் பயிற்சித்தாள் கொடுப்பது பழக்கதோஷம். அந்த நேரத்தில் விளையாடவிட்டாலும் நஷ்டமில்லை. கணிதத்தில் 74க்கும் அதே நான்கு வரித் தாள் உதவும். இந்த வாரம் பின்னம் மட்டும், ஒரு நாளைக்கு 4 கணக்கு, தவறியதை மறுநாள் ஒருமுறை, அதோடு சரி. தவறிய கணக்கையெல்லாம் சரியாக வரும்வரை இரவு பதினோரு மணிக்கு உட்கார்ந்து போட வைத்தால், மறுநாள் வகுப்பில் தூக்கம்தான் வரும்.

எதில் கறார், எதில் தாராளம் என்று பிரித்துக்கொள்வதற்கு நல்ல உதாரணம் தீபாவளி முறுக்கு. 4 கப் அரிசிமாவுக்கு 1 கப் வறுத்து அரைத்த உளுந்தமாவு, 2 மேசைக்கரண்டி வெண்ணெய். இந்த அளவில் விளையாடக் கூடாது. வெண்ணெய் கூடினால் எண்ணெயில் கரையும், குறைந்தால் பல் உடையும். மாவு காய்ந்தால் அச்சிலிருந்து வரும்போதே அறும். ஈரத்துணியால் மூடி வையுங்கள். தீ அதிகமானால் மேலே சிவந்து உள்ளே மெத்தென்று இருக்கும். எண்ணெயின் சலசலப்பு அடங்கும்வரை மிதமான தீதான். நம் ஊர்க் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல், ஆகவே நன்றாக ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவுக்குள் போயாக வேண்டும். தட்டில் பரப்பி அழகு பார்த்துக்கொண்டிருந்தால் நமத்துவிடும். கறார் இதோடு முடிந்தது. சுற்று வட்டமாக வந்ததா, ஒரே அளவா, மூன்று சுற்றா நான்கா என்பதெல்லாம் மூன்றாவது வரி. ஒரு பலகாரம் வீட்டில், மற்ற நான்கு தேக்கா கடையில் என்பதும் முழுத் தீபாவளியே.

கோடு போட்டாயிற்று, தாளும் எழுதியாயிற்று, ஆனாலும் அனுப்பும் பொத்தானை அழுத்த விரல் வரவில்லை என்கிறவர்களுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் ஒரு பயிற்சி உண்டு. வேண்டுமென்றே சின்னக் குறை ஒன்றை விட்டுப் பார்ப்பது. ஆபத்தில்லாத இடமாக எடுங்கள். நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தியை மறுபடி படிக்காமல் அனுப்புவது, விருந்தினர் வரும்போது ஒரு மூலையைத் துடைக்காமல் விடுவது. செய்யும் முன் என்ன நடக்கும் என்று எழுதுங்கள், அது நடக்க எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்றும் போடுங்கள். 'மூன்று பேராவது கேலி செய்வார்கள், 70 விழுக்காடு.' இரண்டு நாள் கழித்து நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். எழுதாமல் மனத்தில் வைத்துக்கொண்டால் பலன் இல்லை. எதுவும் நடக்காதபோது மனம் 'இந்தமுறை தப்பித்தோம்' என்று தன் பழைய கணக்கைக் காப்பாற்றிக்கொள்ளும். முன்பே எழுதிய 70 அப்படி மாறாது. செய்துவிட்டு உடனே மன்னிப்புக் கேட்டாலும் பயிற்சி வீண். மூலையைத் துடைக்காமல் விட்டுவிட்டு, "சாரி, வீடு குப்பையா இருக்கு" என்று வாசலிலேயே சொல்வது நம் பழக்கம். அதைச் சொல்லாமல் இருப்பதுதான் பயிற்சியின் கடினமான பாதி.

இந்த அளவில் அடங்காததும் உண்டு. கதவைப் பூட்டினோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது, கை கழுவுவதில் ஒரு மணி நேரம் போவது, செய்யாவிட்டால் யாருக்கோ ஏதோ ஆகிவிடும் என்ற பயம். இவை கச்சிதப் பிடிவாதம் அல்ல, எண்ணச் சுழற்சி நோயாக (ஓசிடி) இருக்கலாம். மனநலக் கழகம் நடத்திய 2016 ஆய்வின்படி சிங்கப்பூரில் 28 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் அதைச் சந்திக்கிறார். இதற்குத் துண்டுத்தாள் போதாது. பலதுறை மருந்தக மருத்துவரிடம் சொல்லித் தொடங்கலாம், 1771 என்ற தேசிய மனநல எண்ணில் பேசலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் 24 மணி நேரமும் 1767.

கடைசியாக, கச்சிதம் பார்த்தே பலர் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் ஒன்று: மத்திய சேம நிதி நியமனம், அதாவது நமக்குப் பின் அந்த ஓய்வுக்காலச் சேமிப்பு யாருக்கு என்று பதிந்துவைப்பது. மனைவிக்கு எத்தனை, பிள்ளைகளுக்கு எத்தனை, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு எத்தனை, வீட்டுக் கடன் முடிந்தபின் எப்படி என்று யோசித்து, எல்லாருக்கும் நியாயமான பங்கு கண்டுபிடித்தபின் செய்யலாம் என்று இருப்பார்கள். இதற்கிடையே சில உண்மைகள் அப்படியே நிற்கின்றன. உயிலில் எழுதினாலும் சேம நிதிப் பணத்தை அது கட்டுப்படுத்தாது. நியமனம் இல்லாவிட்டால் பணம் பொது அறங்காவலர் அலுவலகத்துக்குப் போகும், அங்கே கட்டணம் பிடிப்பார்கள், பிறகு சட்டப்படி பிரிப்பார்கள். முஸ்லிம் அல்லாதவருக்குத் துணையும் பிள்ளைகளும் இருந்தால் அந்தச் சட்டத்தில் துணைக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. மாதாமாதம் நீங்கள் பணம் அனுப்பும் அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. திருமணம் செய்தால் பழைய நியமனம் தானாக ரத்தாகும், மணவிலக்கு பெற்றால் ரத்தாகாது. இந்தக் கடைசி இரண்டும் தெரியாமல் இருப்பவர்கள் நிறைய.

இங்கே சின்னக் கோலம் எளிது. நியமனத்துக்குக் கட்டணம் இல்லை, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே ஓரளவு நியாயம் என்று இன்று தோன்றும் பங்கைப் போட்டுவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை, வருமான வரிப் படிவம் நிரப்பும் மாதத்தில், திறந்து பார்த்துக்கொள்ளலாம். கறாராக இருக்க வேண்டியவை மூன்றே: பெறுபவரின் பெயரும் அடையாள எண்ணும் ஆவணத்தில் உள்ளபடியே இருப்பது, பங்குகளைக் கூட்டினால் 100 வருவது, சாட்சிகள் இருவரும் 21 வயது நிறைந்தவர்களாகவும் பங்கு பெறாதவர்களாகவும் இருப்பது. சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாக இணையத்திலேயே செய்யலாம். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரும் எதிர்வீட்டு அண்ணனும் சாட்சிக்குப் போதும். அவர்களிடம் முன்பே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் அவர்கள் பக்கத்தில் முடியாமல் விண்ணப்பம் அப்படியே கிடக்கும்.